சத்து மாத்திரை என்று சொன்னேன்

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழை பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தாய். மாதிரியில் உன் தாய்மாமன் பெயரைக் காணவில்லை. அந்த இடத்தில் என் சித்தப்பா மகனின் பெயர் இருந்தது. கைதவறி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் போன் செய்தேன். "விட்டுப்போகலம்மா, நாந்தான் எடுத்தேன். அந்த ஆளு மாலையத் தூக்கிட்டு வந்து நின்னா நான் சர்ச்சுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றாய். நான் "சரி" என்றேன். அந்தச் "சரி" எனக்குப் பழகிய சொல். உன் மாமன் விஷயத்தில் நான்கு வருஷமாக அதைத்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனை வைத்த பிறகு வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பால் கொண்டுவந்த பெண், "என்ன டீச்சர், கல்யாண வீட்டுக்காரி இப்பிடி உக்காந்திருக்கீக" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கடினமான பாடம் என்றால் விடையை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு வழியைக் காட்டுவேன். இதையும் அப்படியே எழுதுகிறேன். உன் மாமன் மாத்திரையை நிறுத்தவில்லை. அதை வாங்கிப் பீரோவில் பூட்டி அவனைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனவள் நான். ஆசுபத்திரியில் கேட்டபோது அவனே நிறுத்திவிட்டான் என்று சொன்னவளும் நான்தான். நீ அவனை வெறுத்த நான்கு வருஷமும் என் மேல் வந்திருக்க வேண்டிய வெறுப்பு.

அவன் என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டால் அவன் என் இடுப்பில்தான் இருப்பான். பிறகு நான் வண்டிப்பெரியாருக்கு மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் என் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். வீட்டில் அக்கா, வகுப்பில் டீச்சர் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் வாய்தவறி, "யக்கா, ஒண்ணுக்குப் போவணும்" என்று எழுந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவனை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. வளர்ந்து எஸ்டேட் ஜீப் ஓட்டி, மீசை நரைத்த பிறகும் நான் ஒன்று சொன்னால் அவன் அப்படித்தான் நிற்பான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் தானாக ஒரு மாத்திரையை நிறுத்துகிற ஆள் இல்லை என்பதை நீயும் நானும் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்பதை நான் அவனிடம் ஒருமுறை கேட்டேன். அந்த ஒருமுறையே அதிகம். மலைக்குக் கீழே பெரிய ஆசுபத்திரிக்கு அவனோடு போனவள் நான்தான். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று வீட்டில் கவனிக்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். அங்கே கவுன்சிலர் ஒரு மலையாளப் பெண். எங்களை உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். எச்.ஐ.வி. மட்டும் இல்லை, கரளிலும் ஒரு வைரஸ் உண்டு, அதன் பெயர் ஹெபடைடிஸ் பி என்றார். ஈரலைத்தான் அவர்கள் கரள் என்பார்கள். இந்த ஒரே மாத்திரை இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது, எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கரள் கெட்டுப்போகும் என்று சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் என்றுதான் எழுத முடிகிறது. நான் அன்று கேட்டது பாதி. எச்.ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்ததும் மீதி எதுவும் உள்ளே போகவில்லை. "மனசிலாயோ டீச்சரே?" என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டினேன். புரியாவிட்டால் கையைத் தூக்கு, வெட்கப்படாதே என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! என் கை அன்றைக்கு மடியிலேயே கிடந்தது.

அந்த மாத்திரை செய்கிற வேலையை இப்போது எனக்கே நான் இப்படிச் சொல்லிப் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆள் போதாத வருஷங்களில் மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் ஒரே ஹாலில் வைத்து நான் ஒருத்தியே பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நான் நடுவில் நின்றால் இரண்டும் அடங்கியிருக்கும். மூன்றாம் வகுப்பில் தொந்தரவு என்று என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனால் நாலாம் வகுப்பையும் சேர்த்துத்தான் அவிழ்த்துவிடுவதாக ஆகும். உன் மாமன் உடம்பில் எச்.ஐ.வி. ஒரு வகுப்பு, ஈரலில் இருக்கிற பி இன்னொரு வகுப்பு. ஒரு மாத்திரைதான் இரண்டுக்கும் டீச்சர். நான் அந்த டீச்சரை ஹாலை விட்டு வெளியே அனுப்பினேன்.

அன்று கவுன்சிலர் ஒரு சீட்டும் கொடுத்தார். வீட்டில் உள்ள எல்லாரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், இல்லை என்று வந்தால் மூன்று தவணையாக ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கான சீட்டு. அந்த ஊசி போட நம் ஊர் ஹெல்த் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே வேலை பார்க்கிற இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். எதற்கு டீச்சர் என்று கேட்பார்களே என்று பயந்தேன். திரும்பி வருகிற பஸ் முண்டக்கயம் தாண்டி ஏற்றம் ஏறும்போது சீட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். "யக்கா, என்னத்தக் கிழிக்க?" என்றான். "பழைய டிக்கெட்டு" என்றேன். வீட்டுக்கு வந்து அவனுக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்தேன். நீயும் அப்பாவும் கேட்டதற்கு, அவனுக்குச் சளி என்றேன். தட்டாலும் தம்ளராலும் இந்த இரண்டு நோயும் ஒட்டாது. ஆனால் ரத்தம் பட்ட சவர பிளேடினால் ஈரல் வைரஸ் ஒட்டும். குளியலறை ஜன்னலில் அப்பாவும் அவனும் ஒரே ரேசரை வைத்திருந்தார்கள். நீ பத்தாம் வகுப்பு முடித்த லீவில் உன் மீசையை முதல்முதலாக எடுத்துவிட்டது அவன், அதே ரேசரில். தட்டைப் பிரித்துவைக்கத் தெரிந்த எனக்கு ரேசர் கண்ணில் படவில்லை. நோயை விட்டுவிட்டு என் வெட்கத்துக்குத்தான் பத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலம். லயத்து வீடுகளில் தண்ணீர் கெட்டு மஞ்சள்காமாலை பரவியது. அது எங்களுக்குப் புதிது இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். என் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்! எல்லாரும் பிழைத்தார்கள். தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும், கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் எழுந்து ஓடியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்கு எப்போதும் எடுத்துக்காட்டு வேண்டும். இத்தனை எடுத்துக்காட்டு கண் முன்னால் இருந்ததால் காமாலைக்கு மருந்து எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன். அந்த மழையில் உன் மாமனுக்கும் கண் மஞ்சளாயிற்று. ஆசுபத்திரிக்கு அழைத்துப்போயிருக்க வேண்டும். தினமும் விழுங்குகிற அந்தச் சூட்டு மாத்திரைதான் ஈரலைச் சுடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, அவனை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, சக்குபள்ளம் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஒரு வைத்தியரைத் தேடிப் போனேன்.

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள். நல்ல மனிதர். காசுகூட வாங்க மாட்டார். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"வேற ஏதும் நோவு உண்டுமா டீச்சர், தம்பிக்கு?"

"இல்லய்யா."

"இங்கிலீசு மருந்து ஏதும் திங்கிறாரா? மறைக்காமச் சொல்லணும். சிலதுக்கு நான் மருந்து கொடுக்க மாட்டேன், பெரியாசுபத்திரிக்குப் போன்னு சொல்லிருவேன்."

வாசலில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் நம் சபைக்காரி. நான் சொன்னேன்: "ஒண்ணுமில்ல, ராத்திரிக்கு ஒரு சத்து மாத்திர சாப்பிடுவான்."

"சத்து மாத்திரதானே? அப்பம் நாப்பத்தோரு நாளைக்கு அத நிறுத்துங்க. உப்பு, எண்ணெய், புளி கூடாது. சத்தெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

தம்பி, எல்லாம் நடந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மருந்து கொடுத்திருக்க மாட்டார், ஆசுபத்திரிக்கு விரட்டியிருப்பார். சபைக்காரி ஒருத்தியின் காதுக்குப் பயந்து என் உடன்பிறந்தவனின் உயிரைச் சத்து மாத்திரை ஆக்கிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சமாளித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சார்ட் தாளில் கட்டம் போட்டு நாற்பத்தொரு நாளையும் எழுதி அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். மாத்திரை டப்பாவைக் கேட்டேன். அவன் தரவில்லை. அவன் என் சொல்லை மறுத்தது அது ஒருமுறைதான்.

"யக்கா, அந்தக் கவுன்சிலரு ஒருநாளும் நிறுத்தக் கூடாதுன்னுல்லா சொன்னாவ?"

"ஏல, நீ என்ன டாக்டரா? எத்தன பிள்ளையளுக்குக் காமால பாத்திருக்கேன் நான்?"

"அவுகளுக்கெல்லாம் எனக்குள்ளது கெடையாதுல்லா."

"அதச் சத்தமா வேற சொல்லு, நாலு ஊட்டுக்குக் கேக்கட்டும். கொண்டா இங்க."

அவன் தந்தான். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பான். "யக்கா, இந்தக் கஞ்சிக்குப் பயந்தே அந்த ரெண்டு வைரசும் லயத்தக் காலி பண்ணிட்டு ஓடிரும்" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். மூன்றாவது வாரம் கண் வெளுத்துவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று கட்டத்தில் சிவப்பு மசியால் சரி போட்டேன். தண்ணீரால் வந்த காமாலை தன் போக்கில் வந்து தன் போக்கில் போயிருந்தது. நான் அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொரு நாள் முடிந்தும் டப்பாவை எடுக்கவில்லை. ஈரல் இன்னும் கொஞ்சம் ஆறட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அந்த மாதம் மருந்து வாங்க வரவில்லையே என்று கவுன்சிலர் போன் செய்தார். அவன் சொந்தக்காரர் வீட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் போயிருக்கிறான், மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறான் என்றேன். பொய் சொன்ன பிள்ளையை அதன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசியவள், போனில் அவ்வளவு சரளமாகச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் மஞ்சள் வந்தது. இந்தமுறை வேறு மாதிரி. மூத்திரம் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போயிற்று. வயிறு தண்ணீர் கோத்து உப்பியது. ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து "டீச்சர், ஒண்ணுக்குப் போவணும்" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அவனுக்கு நான் யார், இது எந்த இடம் என்பது தெரியவில்லை. ஆம்புலன்ஸில் மலை இறங்கிப் பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். மலைக்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். மூன்றாம் நாள் கட்டிலருகே வந்து, "ஈரலில் உள்ள வைரஸ் கட்டு அவிழ்ந்து பாய்ந்திருக்கு. மருந்து நின்னுபோச்சு, இல்லையா? யார் நிறுத்தினது?" என்றார்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். பழைய காலத்தில் அவன் குடித்தது அந்த ஆசுபத்திரிக் காகிதத்திலேயே இருந்தது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. "அவனேதான் நிறுத்திட்டான் டாக்டர். குடிச்சுக்கிட்டுக் கெடந்தான், நான் சொன்னாக் கேக்கல" என்றேன். அப்போது அவன் கண்ணைத் திறந்தான். நினைவு நன்றாகத் திரும்பியிருந்த நேரம் அது. என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஆமா டாக்டர், நாந்தான்" என்றான். அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் நீ கோயம்புத்தூரிலிருந்து வந்தாய். வராந்தாவிலேயே நான் உனக்கும் அதே கதையைச் சொன்னேன். அவனுக்கு இருக்கிற நோயை அன்றுதான் உனக்கு முதல்முறையாகச் சொன்னேன், அதையும் பொய்யோடு கலந்து. நீ உள்ளே போய்க் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்கம்மா ஒனக்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. நீ கவர்மெண்டு குடுக்குற மாத்திரையத் தூக்கி எறிஞ்சிட்டுக் குடிச்சிருக்க. இனிமே என்னைய மருமகனேன்னு கூப்பிடாத." பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் உன்னைப் பார்த்து, "சரி, மருமகனே" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிப்பா" என்று மாற்றிச் சொன்னான். நான் கையில் வெந்நீர் பிளாஸ்கோடு நின்றேன். அந்த இடத்தில் இரண்டே இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். உனக்கு நல்ல தாயாக இருப்பது அவனுக்கு நேர்மையாக இருப்பதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது.

அவன் பிழைத்தான். ஈரல் பாதி தழும்பாகிவிட்டது. ஜீப் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வருகிற நாளில் தான் எதற்கு என்று அவனே சொல்லி, சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காவலுக்குச் சேர்ந்து, அங்கேயே ஓர் அறையில் இருக்கிறான். நான் தடுக்கவில்லை. மாதம் ஒருமுறை அவனை ஆசுபத்திரிக்கு அழைத்துப்போவேன். பார்க்கிறவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். "ஒரு குடிகாரத் தம்பிய இப்பிடித் தாங்குத அக்கா யாருக்குக் கெடைக்கும்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் குடியை விட்டு அப்போது பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் போனபோது டாக்டர் ஒரு சிக்கல் சொன்னார். அந்த மாத்திரை அவன் கிட்னியைக் கொஞ்சம் தொட ஆரம்பித்திருக்கிறது. வேறு மாத்திரைக்கு மாற்றலாம். ஆனால் கையில் இருக்கிற மாற்று எச்.ஐ.வி.யை மட்டும்தான் சரியாகப் பார்க்கும். ஈரலுக்கு என்று தனியாக இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில், ஒருநாளும் தவறாமல். "அதுதான் எனக்கு யோசனை" என்று பைலைத் திருப்பிக் காட்டினார். "இவர் ஒரு தடவை தானே நிறுத்தின ஆள். ரெண்டு மாத்திரை கொடுத்து, ஒன்றை இவர் விட்டால் பழையபடி ஆகும். இந்தத் தடவை ஈரல் தாங்காது. அதனால் மாற்றாமல் கொஞ்சம் பார்க்கலாமா என்று..." நான்கு வருஷத்துக்கு முன் நான் சொன்ன வாக்கியம் அங்கே ஆங்கிலத்தில் அடிக்கோடிட்டுக் கிடந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது பேசாமல் ஓரமாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அது அவன் மருந்தைத் தீர்மானிக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன். சத்து மாத்திரை, பீரோ, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவன், "அவுக டீச்சருல்லா டாக்டர், மறுபடியும் பெஞ்சு மேல ஏத்திட்டாவன்னா? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு ஏற முடியாது" என்றான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவர் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். மருந்தை மாற்றினார். இரண்டு மாத்திரையையும் அவன் ஒரு வேளைகூட விடவில்லை. வீட்டில் மற்றவர்கள் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேட்டார். அன்றே என் ரத்தத்தைக் கொடுத்தேன். இல்லை என்று வந்தது. முதல் ஊசியை நம் ஹெல்த் சென்டரில்தான் போட்டுக்கொண்டேன். என்னிடம் படித்தவள்தான் போட்டாள். "வலிக்குதா டீச்சர்?" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏழு வருஷம் நான் பயந்தது அந்த ஒரு கேள்விக்கு.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கே, வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவனிடம் கேட்டேன், டாக்டரிடம் சொன்னது விளையாட்டு, என்னிடம் உண்மையைச் சொல் என்று. "நான் சொன்னா யாரு நம்புவா யக்கா? குடிகாரன்னு இருக்க பேரு போதாதுன்னு அக்கா மேல பழி போடுதவன்னும் வரும்" என்றான். பிறகு, "மருமகனுக்கு நான் குடிகாரன்னு தெரிஞ்சாப் போவட்டும், நான் வெளியாளு. நீ பொய்காரின்னு தெரிஞ்சா அவன் ஒன்னய விட்டுட்டுப் போயிருவான். அத்தானும் போய்ச் சேந்துட்டாரு. ஒனக்கு வேற யாரு இருக்கா?" என்றான். தம்பி, உன்னை எனக்கு மிச்சம் வைப்பதற்காக அவன் உன்னை இழந்திருக்கிறான். எனக்கு இத்தனை வயதில் இதைவிடக் கேவலமான பரிசு எதுவும் கிடைத்ததில்லை. நான் அதை வாங்கி நான்கு வருஷம் அனுபவித்தேன்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் விழுந்தவளுக்குத்தான் வழுக்குகிற இடம் தெரியும். இந்த வாரமே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள். இல்லை என்று வந்தால் மூன்று ஊசியையும் போட்டுக்கொள். இருக்கிறது என்று வந்தாலும் அதற்கு மருந்தும் பார்வையும் உண்டு, பயந்து ஒளியாதே. எந்த முடிவு வந்தாலும், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல். ஏன் செய்துகொண்டாய் என்பதையும் சொல். தன் மாமியார் இப்படிப்பட்டவள் என்று அந்தப் பெண் தெரிந்துகொண்டு வந்தால் போதும், தெரியாமல் வந்து மரியாதை செய்ய வேண்டாம். டாக்டர் சொல்வது புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். எந்த வைத்தியரிடம் போனாலும் உடம்பில் உள்ளதை ஒளிக்காதே. நோயாளியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், யாருடைய மானத்தை என்று ஒருமுறை கேட்டுப் பார்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய் அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் சம்மதம் இல்லாமல் அவன் நோயைப் பற்றி எழுத இனி எனக்கு உரிமை இல்லை. சாக்கு மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டான். "ரொம்பப் பெருசா இருக்கு, பரிட்சப் பேப்பரு மாரி" என்றான். "நான் பெஞ்சு மேல நின்னத எடுத்துரு, மானம் போவுது" என்றான். எடுக்க மாட்டேன் என்றேன். பெயர்களை நீக்கிவிட்டு ஒரு படியை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மலருக்கும் அனுப்பலாமா என்று கேட்டேன். இந்த மலைப்பக்கத்தில் என்னைப் போலக் கீழாநெல்லிக் கைராசியில் மிதப்பாக இருக்கிற டீச்சர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். யோசித்துவிட்டு, "அனுப்பு. ஆருக்காச்சும் டப்பா பீரோவுக்குள்ள போவாம இருந்தாச் சரி" என்றான். கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் இல்லாததை நான் அதுவரை சொல்லவில்லை. அப்போதுதான் சொன்னேன். "மாலைக்கு நல்ல பூவாச் சொல்லிரு, நம்ம சித்தப்பா மவன் கஞ்சப்பய" என்றான். எழுந்து போய் வெறும் வயிற்றில் சாப்பிடுகிற மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அச்சுக்காரரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை நிறுத்திவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் பெயரை எழுதுவதும் எழுதாததும் உன் கையில். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அந்த வராந்தாவில் நீ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உரியது, எப்போது வந்து சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சக்குபள்ளத்துக்குப் போ. குமுளி பஸ்ஸில் வந்து அங்கே இறங்கி யாரிடம் கேட்டாலும் ஸ்டோரைக் காட்டுவார்கள். பகலில் போனால் வெளியில்தான் உட்கார்ந்திருப்பான். நான் எழுதியதெல்லாம் உண்மையா என்று அவனிடமே கேள். என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, தம்பி. நான் பக்கத்தில் நின்றால் அவன் மறுபடியும் "நாந்தான்" என்று சொல்லிவிடுவான்.

உன் அம்மா